சின்னத் தொட்டிக்கு ஒரு ‘குணமுள்ள’ மீன்!

‘சித்த வைத்தியருக்கும் மீன் தொட்டிக்கும் என்ன சம்பந்தம்? சூரணம், லேகியம் என்று எழுத வேண்டிய மனுஷர் மீனைப் பிடித்துக்கொண்டாரே!’ என்று நீங்கள் சிரிப்பது என் காதில் விழுகிறது. சிரியுங்கள், பரவாயில்லை. கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள், சம்பந்தம் உண்டா இல்லையா என்று!

என்னிடம் பல வருஷமாக வரும் ஒரு பெரியவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 68. ரத்தக் கொதிப்புக்காரர். மனைவி காலமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு வந்தபோது பிரஷர் வழக்கத்தைவிட ஏறியிருந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சரியான தூக்கம் இல்லை.

“மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறீங்களா சார்?”

“அதெல்லாம் சாப்பிடறேன் டாக்டர்...” என்றவர், சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “மீனெல்லாம் செத்துப் போச்சு” என்றார்.

அப்பா தனியாக இருக்கிறாரே என்று மகன் ஒரு மீன் தொட்டி வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பன்னிரண்டு மீன்கள். பத்தே நாளில் பதினொன்று போய்விட்டது.

“என் கையில எதுவும் தங்காது டாக்டர். அவளும் தங்கல. இதுங்களும் தங்கல.”

எனக்குச் சுருக்கென்றது. மருந்துச் சீட்டை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. இருபது வருஷத்துக்கும் மேலாக வீட்டில் மீன் வளர்ப்பவன் நான். “ஞாயிற்றுக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன் சார். தொட்டியைக் கொட்டிடாதீங்க” என்று சொல்லி அனுப்பினேன்.

கையில் குற்றமில்லை, கணக்கில்தான் குற்றம்!

போய்ப் பார்த்தால், ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி. மணல் போக 35 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதற்குள் கோல்டு ஃபிஷ் நாலு, ‘ஷார்க்’ என்று சொல்லி விற்கும் மீன் இரண்டு, மோலி ஐந்து, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் ஒன்று!

கோல்டு ஃபிஷ் அரையடிக்கு மேல் வளரும். நிறையக் கழிவு போடும். நட்ட செடியைப் பிடுங்கிப் போடும். அந்த ‘ஷார்க்’ முழுசாக வளர்ந்தால் மூன்றடிக்கும் மேல். சக்கர் ஓரடியைத் தாண்டும். கடையில் விரல் நீளத்தில் இருப்பதைப் பார்த்து நாம் ஏமாந்துவிடுகிறோம்.

சரி, வளருவதற்கு முன்பே ஏன் செத்தன? மீனின் கழிவிலிருந்தும், மிச்சத் தீவனத்திலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். தொட்டியில் தானாக வளரும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அதிகம் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் முதல் நாளே பன்னிரண்டு மீனை விடுவது, சாக்கடை இணைப்பு வராத புது வீட்டில் பன்னிரண்டு பேரைக் குடிவைப்பது மாதிரி!

நம் பெரியவர் இன்னொன்றும் செய்திருக்கிறார். ஒவ்வொரு மீன் சாகும்போதும், பாவம், தொட்டியைக் காலி செய்து, கல்லையும் ஃபில்டரையும் குழாய்த் தண்ணீரில் பளபளவென்று தேய்த்துக் கழுவியிருக்கிறார். வந்து சேர்ந்த கொஞ்சநஞ்ச நல்ல பாக்டீரியாவும் அதோடு போச்சு.

“உங்க கை ராசியில்லாத கை இல்ல சார். ரொம்ப சுத்தமான கை. அதான் பிரச்னை!” என்றேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் லேசாகச் சிரித்ததைப் பார்த்தேன்.

மிச்சமிருந்த சக்கரைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தோம். ஒரு வேண்டுகோள்... இந்த மீன்களை ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள். வேற்று நாட்டு மீனான சக்கர் இப்படித்தான் நம் நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களுக்கு எமனாக இருக்கிறது.

முதலில் செடி, அப்புறம் மீன்

“ஐந்து வாரம் மீனே வேண்டாம் சார். செடி மட்டும் வளர்ப்போம்” என்றேன்.

மூன்று செடிகள் வைத்தோம். முதலாவது, கடையில் ‘பக்கோப்பா’ என்று விற்பது. அது வேறொன்றுமில்லை, ஞாபக சக்திக்கு நாங்கள் கொடுக்கும் நீர்ப்பிரம்மியேதான்! (அதற்காகத் தொட்டியில் இருப்பதைப் பறித்துச் சாப்பிட்டுவிடாதீர்கள்.) இரண்டாவது, நாடா மாதிரி நீண்டு வளரும் வாலிஸ்நேரியா. மூன்றாவது, மேலே மிதக்கும் ஆகாயத்தாமரை. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாடம் வகுப்பில் மூல நோய்க்கு என்று நான் படித்த மூலிகை, இங்கே மீனுக்குக் குடை பிடிக்கிறது. ஆனால், தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மேல் அதைப் படரவிடக் கூடாது. அதிகமானதை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். ஏரி, குளத்தில் வீசாதீர்கள்.

மீன் இல்லாத தொட்டிக்குத் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போடச் சொன்னேன். “யாருக்கு டாக்டர் சாப்பாடு?” என்று கேட்டார். அது ஊறி அழுகி அம்மோனியா உண்டானால்தானே பாக்டீரியா பெருகும்? மீன் கடைகளில் விற்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டும்வரை காத்திருந்தோம்.

குணம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

35 லிட்டரில் கூட்டம் சேர்க்க முடியாது. அதனால் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். குணமுள்ள ஒரு மீனாகப் பாருங்கள். நாம் பக்கத்தில் போனால் திரும்பிப் பார்க்கிற, தனக்கென்று ஒரு மூலையை வைத்துக்கொள்கிற, பசித்தால் வந்து நிற்கிற மீன்!

மனிதர்களை வாத தேகி, பித்த தேகி, கப தேகி என்று நாங்கள் பிரிப்போம் இல்லையா? மீன்களையும் அப்படிப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். இது எந்த நூலிலும் இல்லை, என் சொந்த விளையாட்டுக் கணக்கு!

பித்த தேகி - ஃபைட்டர் மீன்: தாய்லாந்தைச் சேர்ந்த பீட்டா. அந்த நாடு 2019-ல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. முன்கோபி. இரண்டு ஆண்களைச் சேர்த்து விட்டால் சண்டைதான். கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்தால்கூட செவுளை விரித்துக்கொண்டு நிற்கும். ஆனால் அப்பா ஸ்தானத்தில் இதைப்போல ஒரு மீன் கிடையாது. நுரைக் குமிழிகளால் கூடு கட்டி, அதில் முட்டைகளை வைத்துக் காவல் காப்பது ஆண் மீன்தான். செவுளுக்கு மேலே உள்ள ஒரு தனி உறுப்பின் உதவியால் காற்றையும் சுவாசிக்கும். இதனால்தான் கடையில் குட்டிப் பாட்டிலில் அடைத்து வைக்கிறார்கள். அதில் அது உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். வாழாது! ஒன்று மட்டும் வளருங்கள். துள்ளிக் குதிக்கும், மூடி அவசியம்.

கப தேகி - ஹனி கௌராமி: கங்கை, பிரம்மபுத்திரா பகுதி மீன், நம் நாட்டுக்காரர். இரண்டு அங்குலம்தான் இருக்கும். அமைதி, கூச்சம். வயிற்றுப் பக்கம் நூல் மாதிரி இரண்டு துடுப்புகள். எதைக் கண்டாலும் அவற்றால் தொட்டுத் தொட்டுப் பார்க்கும், கண் தெரியாத பாட்டி பேரனின் முகத்தைத் தடவிப் பார்ப்பதுபோல! குஞ்சு பொரிக்கும் பருவத்தில் ஆண் மீன் தேன் நிறத்தில் ஜொலிக்கும். ஒரு ஜோடியாக வளர்க்கலாம்.

வாத தேகி - பட்டாணி பஃபர்: கேரளத்துப் பம்பை போன்ற ஆறுகளில் பிறந்தது. ஒரு அங்குலம்தான். ஓரிடத்தில் நிற்காது. இரண்டு கண்களையும் தனித்தனியாகச் சுழற்றி நம்மை அளவெடுக்கும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் மற்ற மீன்களின் வாலைக் கடிக்கும். சாதாரணத் தீவனத்தைச் சீண்டாது. சின்ன நத்தை, புழு, கொசுப்புழு என்று தேடிக் கொடுக்க வேண்டும். இயற்கையில் அருகிவரும் இனம் என்பதால், பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

‘வாஸ்து மீன்’ என்று விற்கும் ஃப்ளவர் ஹார்னுக்குக் குணம் இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது! ஆனால் அது ஓரடி வளரும், செடியை வேரோடு பிடுங்கும். சின்னத் தொட்டிக்கு ஆகாது.

கடையில் நடந்தது

ஆறாவது வாரம் இருவரும் கொளத்தூர் போனோம். வண்ண மீன் கடைகளுக்குப் பெயர் போன இடம். வரிசையாக ஃபைட்டர் பாட்டில்கள்.

‘நிறம் பார்க்காதீங்க. கண் தெளிவா இருக்கா, துடுப்பு ஒட்டிக்கிட்டு இல்லாம விரிஞ்சிருக்கா, உடம்புல வெள்ளைப் புள்ளி, பஞ்சு மாதிரி படலம் இருக்கா, வயிறு உப்பியோ ஒட்டியோ இருக்கா... இதைப் பாருங்க. பாட்டிலுக்கு வெளியில விரலை மெதுவா நகர்த்துங்க, கவனிக்குதான்னு பாருங்க. ஒரு குருணை தீவனம் போடச் சொல்லுங்க, வந்து எடுக்கிற மீன்தான் ஆரோக்கியமான மீன்’ என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டேன்.

கால் மணி நேரம் ஆனது. ரத்தச் சிவப்பில் ஒன்று, மயில் கழுத்து நிறத்தில் ஒன்று. எதையும் அவர் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு மங்கலான நீல மீனைக் காட்டினார். வால் ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தது. “இது நான் இந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் வருது, அந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம் வருது டாக்டர். எல்லாரையும் விட இதுக்குத்தான் நான் தெரியறேன்” என்றார்.

நல்ல தண்ணீரில் கிழிந்த வால் தானாக வளர்ந்துவிடும். வாங்கிக்கொண்டோம்.

பிரஷர் குறைந்ததா?

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். மீன் தொட்டியைப் பார்ப்பது மனதை அமைதிப்படுத்தும் என்பதற்கு ஆதாரங்கள் உண்டு. பல் பிடுங்கக் காத்திருந்த நோயாளிகளிடம் அமெரிக்காவில் செய்து, 1984-ல் வெளியிட்ட ஆய்வில், மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் பதற்றம் குறைந்தது. இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கடல் மீன் காட்சியகத்தில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், பார்வையாளர்களின் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் குறைந்தன. மீன்கள் அதிகமானபோது ஆர்வமும் கூடியது. ‘அப்போ நிறைய மீன்தானே நல்லது?’ என்று மடக்காதீர்கள். அது பல லட்சம் லிட்டர் தொட்டி. நம்முடையது 35 லிட்டர்!

மீனுக்கு நம்மை அடையாளம் தெரியுமா? தண்ணீரைப் பீய்ச்சிப் பூச்சி பிடிக்கும் வில்லாளி மீன், நாற்பதுக்கும் மேற்பட்ட மனித முகங்களுக்கு நடுவே பழகிய முகத்தைக் கண்டுபிடித்ததாக 2016-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. உங்கள் வீட்டு மீன் வருவது உங்கள் முகத்துக்கா, தீவன டப்பாவுக்கா? எதற்காக வந்தால் என்ன, வருகிறதே!

ஆனால், மீன் தொட்டி மருந்து அல்ல. பெரியவரின் மாத்திரையில் ஒன்றைக்கூட நான் நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்தாதீர்கள். மாறியது என்னவென்றால், காலை ஆறு மணிக்கு எழுந்து தீவனம் போட ஒரு ஜீவன் காத்திருந்தது. சனிக்கிழமை தோறும் வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கும் வேலை இருந்தது. அந்த ஒழுங்கில் சாப்பாடு நேரத்துக்கு வந்தது. தூக்கம் வந்தது. மூன்று மாதத்தில் பிரஷர் பழைய அளவுக்கு இறங்கியது.

அந்த நீல மீன் இரண்டரை வருஷம் இருந்தது. ஃபைட்டருக்கு அது நிறைவான ஆயுள்தான். போன செய்தியைச் சொல்ல அவர் கிளினிக்குக்கு வந்தபோது, எனக்கு உள்ளூர பயம். முதலில் பிரஷர் பார்த்தேன். சரியாகவே இருந்தது.

“நேத்து ராத்திரி போயிடுச்சு டாக்டர். வயசாயிடுச்சு இல்ல... துளசிச் செடிக்குப் பக்கத்துல புதைச்சேன்” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, “செடியெல்லாம் நல்லா இருக்கு. தண்ணியும் நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை கொளத்தூர் போலாமா? அடுத்து யார் வர்றாங்கன்னு பார்ப்போம்” என்றார்.

‘எது’ என்று கேட்கவில்லை, ‘யார்’ என்றார் பாருங்கள்! இப்போது சொல்லுங்கள், வைத்தியனுக்கும் மீனுக்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா?

மறந்துவிடாதீர்கள்!

* வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள்.

* ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். சோப்பு கூடவே கூடாது.

* ஃபைட்டருக்குக் காலையில் இரண்டு மூன்று குருணை, மாலையில் இரண்டு மூன்று குருணை போதும். வாரம் ஒரு நாள் பட்டினி. லங்கணம் பரம ஔஷதம் என்பது மீனுக்கும் பொருந்தும்!

* தெருவில் உதிரும் நாட்டு பாதாம் மரத்தின் காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் டீ நிறமாகும், பயப்படாதீர்கள். ஃபைட்டருக்குப் பிடித்தமான தண்ணீர் அது.

* நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். விளக்கு ஆறேழு மணி நேரம் போதும். இல்லாவிட்டால் பாசி பிடிக்கும்.

* தொட்டிக்குள் கை விடுமுன் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

* கையில் வெட்டு, சிராய்ப்பு இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீன் தொட்டி நீரிலிருந்து ஒருவகைக் கிருமி தொற்றி, விரலிலோ கையிலோ வாரக்கணக்கில் ஆறாத கட்டி வரலாம். அப்படி வந்தால் கைவைத்தியம் செய்யாமல் டாக்டரிடம் போங்கள். வீட்டில் மீன் வளர்ப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.