பாஸானால் பிரிவு!

அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்தில், ரட்கர்ஸ் என்ற பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே சில வகுப்புகளில் மாணவர்களோடு நாய்க்குட்டியும் வந்து உட்காரும்!

பேராசிரியர் பாடம் நடத்துவார். மாணவர்கள் குறிப்பு எழுதுவார்கள். குட்டி, மேஜைக்கு அடியில் கால் நீட்டிப் படுத்திருக்கும். குரைக்காது. எழுந்து ஓடாது.

யாரும் அதை விரட்டுவதில்லை. அதுவும் ஒரு மாணவன்தான்! கண் பார்வை இல்லாத ஒருவருக்கு, நாளைக்கு வழிகாட்டப் போகிற நாய் அது.

அதை வளர்ப்பவர்கள் கல்லூரி மாணவ-மாணவிகள். இதற்கென்று அவர்கள் ஒரு சங்கமே வைத்திருக்கிறார்கள்.

ஒரு மாணவரின் கடிதம்

இந்தக் குட்டிகள் வருவது மாரிஸ்டவுன் என்ற ஊரிலிருந்து. அங்கே 'சீயிங் ஐ' என்ற நாய்ப் பள்ளி இருக்கிறது. 'பார்க்கும் கண்' என்று அர்த்தம். உலகில் இன்று நடந்துவரும் வழிகாட்டி நாய்ப் பள்ளிகளில் இதுதான் பழையது.

அந்தப் பள்ளி பிறந்ததும் ஒரு மாணவரால்தான். அவர் பெயர் மாரிஸ் பிராங்க். நாஷ்வில் ஊர்க்காரர். 6 வயதில் ஒரு விபத்தில் ஒரு கண் போயிற்று. 16 வயதில், குத்துச்சண்டையில் அடிபட்டு மறு கண்ணும் போய்விட்டது.

1927-ம் ஆண்டு. மாரிஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். எங்கே போவதென்றாலும் கையைப் பிடித்து அழைத்துப்போக ஓர் ஆள் வேண்டும்.

அப்போது டாரதி யூஸ்டிஸ் என்ற பெண்மணி ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். முதல் உலகப்போரில் கண்ணை இழந்த ஜெர்மன் சிப்பாய்களுக்கு நாய்கள் வழிகாட்டுவதைப் பற்றிய கட்டுரை அது. மாரிஸின் தந்தை அதை மகனுக்குப் படித்துக் காட்டினார். மாரிஸ் உடனே டாரதிக்குக் கடிதம் போட்டார்.

டாரதி அமெரிக்கர். ஆனால் சுவிட்சர்லாந்தில் நாய்கள் வளர்த்து வந்தார். 1928-ல் மாரிஸ் கப்பல் ஏறி அங்கே போனார். 'பட்டி' என்ற பெண் நாயோடு திரும்பி வந்தார். நியூயார்க்கில், வண்டிகள் நெருக்கியடிக்கும் ஒரு தெருவை, பத்திரிகை நிருபர்களின் கண் முன்னாலேயே நாயோடு கடந்து காட்டினார்!

அடுத்த ஆண்டே, 1929-ல், இருவரும் சேர்ந்து நாஷ்வில்லில் பள்ளியைத் தொடங்கினார்கள். பிறகு அது நியூஜெர்சிக்கு மாறியது.

குட்டி வந்தாச்சு!

பள்ளிக்கு வேண்டிய நாய்களைப் பள்ளியே ஈன்றெடுக்க வைக்கிறது. ஆனால் கூண்டிலேயே வளர்ந்த நாய்க்கு உலகம் தெரியுமா? மாடிப்படி தெரியாது. பஸ் தெரியாது. குழந்தை அழுகிற சத்தம்கூடத் தெரியாது. அதனால், 1942 முதல் குட்டிகளை வெளியே வளர்க்கக் கொடுக்கிறார்கள். முதலில் வாங்கி வளர்த்தவர்கள் '4-எச்' என்ற கிராமத்து இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள். இன்று குடும்பங்களும் வளர்க்கின்றன. கல்லூரி மாணவர்களும் வளர்க்கிறார்கள்.

குட்டி வரும்போது அதற்கு 7 அல்லது 8 வாரம்தான் ஆகியிருக்கும். பெயர் வைக்கும் உரிமை மாணவருக்கு இல்லை. பள்ளியே வைத்து அனுப்பும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கெல்லாம் ஒரே எழுத்தில் பெயர் தொடங்கும்.

குட்டியை வாங்கிக்கொண்ட ஒரு மாணவியின் பாடு எப்படி இருக்கும்?

முதல் சில வாரம் தூக்கம் கிடையாது. நடு இரவில் குட்டி முனகும். உடனே எழுந்து வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். பனிக்காலமானால், முழங்கால் பனியில் நின்றுகொண்டு, 'சீக்கிரம் முடி, ராசா' என்று கெஞ்ச வேண்டும். மறுநாள் பரீட்சை இருக்கும். அது குட்டிக்குத் தெரியுமா?

நம் வீடுகளில் நாய் வளர்க்கிறவர்கள் சாப்பிடும்போது ஒரு வாய் சோற்றை அதற்கும் போடுவார்கள். இங்கே அது கூடவே கூடாது. மனிதர் சாப்பாட்டின் ருசி கண்ட நாய், நாளை ஓட்டலில் மேஜை மேஜையாக மோப்பம் பிடிக்கும். அதன் எஜமானர் பாடு திண்டாட்டம்! சோபாவில் ஏறக்கூடாது. ஆள் மேல் தாவக்கூடாது. கேன்டீன் தரையில் கிடக்கும் ரொட்டித் துண்டைத் திரும்பிப் பார்க்கக்கூடாது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பாடம் அணில்! பல்கலைக்கழகத் தோட்டமெங்கும் அணில்கள் ஓடும். அவற்றைப் பார்த்துக்கொண்டே சும்மா நடந்து போகக் குட்டி பழக வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

தீவனத்துக்குப் பள்ளி உதவிப்பணம் தருகிறது. வைத்தியச் செலவும் பள்ளியுடையதே. மாணவி கொடுப்பது தன் நேரத்தையும் தூக்கத்தையும். சம்பளம் கிடையாது.

வழிகாட்டுவது எப்படி என்பதை அவள் கற்றுக்கொடுப்பதில்லை. நல்ல நடத்தை, சொன்ன சொல் கேட்பது, எதற்கும் மிரளாத தைரியம் - இவைதான் அவள் பொறுப்பு.

பிரியும் நாள்

குட்டிக்கு ஒரு வயது கடந்து சில மாதம் ஆனதும், பள்ளியின் வண்டி வந்துவிடும். கூடப் படுத்து, கூட எழுந்து, கூடவே வகுப்புக்கு வந்த நாய் அதில் ஏறிப் போய்விடும். அன்று இரவு அறையில் முனகல் சத்தம் இருக்காது.

பள்ளியில் நான்கு மாதம் பயிற்சி. அங்கேதான் கைப்பிடி வைத்த தோல்வாரை நாயின் முதுகில் பூட்டுகிறார்கள். தெரு ஓரம் வந்தால் நிற்பது, தலையில் இடிக்கும் மரக்கிளையைச் சுற்றிப் போவது எல்லாம் அங்கே கற்கும்.

சிக்னல் விளக்கின் நிறத்தைப் பார்த்து நாய் தெருவைக் கடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வண்டிச் சத்தத்தைக் காதால் கேட்டு, 'போ' என்று சொல்வது மனிதர்தான். ஆனால் அந்த நேரம் ஒரு கார் பாய்ந்து வந்தால், நாய் எஜமானர் பேச்சைக் கேட்காது. அசையாமல் நின்றுவிடும்! ஓர் ஆண்டுக்கு மேல் சொல்பேச்சு கேட்கப் பழகிய நாய்க்கு, எப்போது கேட்கக்கூடாது என்பதையும் கற்றுக்கொடுக்கிறார்கள்.

எல்லா நாயும் தேறுவதில்லை. சத்தத்துக்குப் பயப்படும் நாய் தேறாது. இடுப்பு எலும்பில் கோளாறு இருந்தாலும் தேறாது. தேறாத நாய் சில சமயம் போலீஸ் வேலைக்குப் போகும். இல்லாவிட்டால், 'உங்களுக்கு வேண்டுமா?' என்று வளர்த்தவரைத்தான் முதலில் கேட்பார்கள்.

அதாவது, நாய் தோற்றால் அவளுக்கே சொந்தம். பாஸானால், யாரோ ஒருவருக்கு. பிள்ளை பாஸாக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்போதே, மனதின் ஒரு மூலையில் வேறு ஓர் ஆசையும் எட்டிப்பார்த்தால், அவளைக் குறை சொல்ல முடியுமா?

நாயைப் பெறுபவர் பள்ளியில் சில வாரம் தங்கிப் பழக வேண்டும். நாய், தங்குமிடம், சாப்பாடு, வழிச்செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து முதல் முறை அவர் கொடுப்பது 150 டாலர். முன்னாள் போர்வீரர் என்றால் ஒரே ஒரு டாலர். பள்ளிக்கு ஆகும் செலவில் இது ஒரு துளிகூட இல்லை. இனாமாக வாங்கினோம் என்ற குறை அவருக்கு இருக்கக்கூடாது அல்லவா?

கூப்பிடக்கூடாது!

பயிற்சி முடியும் தறுவாயில் மாணவிக்கு அழைப்பு வரும். மாரிஸ்டவுன் கடைத்தெருவில் நாய் நடப்பதை அவள் வந்து பார்க்கலாம்.

ஆனால், பின்னால்தான் வர வேண்டும். தள்ளித்தான் வர வேண்டும். தன்னை நாய் பார்த்துவிடக்கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடவே கூடாது.

முன்னால் பயிற்சியாளர் கைப்பிடியைப் பிடித்து நடக்கிறார். இடப்பக்கம் நாய் போகிறது. கடைகள், தள்ளுவண்டியில் குழந்தை, குரைக்கும் இன்னொரு நாய் - எதையும் அது திரும்பிப் பார்க்கவில்லை.

தெரு முனை வருகிறது. யாரும் சொல்லாமலே நாய் நிற்கிறது. இதை அவள் கற்றுக்கொடுக்கவில்லை.

பத்தடி பின்னால், வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவளும் நிற்கிறாள். பயிற்சியாளர் 'போ' என்கிறார். நாய் தெருவைக் கடந்து போகிறது.