ஓசியில் இறக்கிய டெக்னோ

டெக்னோ பிரியர்களுக்கு 'நைட்ஸ் ஆஃப் த ஜாகுவார்' என்றாலே புல்லரிக்கும். டெட்ராய்ட்டின் டிஜே ரோலண்டோ உருவாக்கிய இசை அது. 1999இல் வெளியிட்டது அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற சின்ன லேபிள். ஜெர்மனியில் சோனி நிறுவனம் அந்த லேபிளின் சம்மதம் இல்லாமலே அச்சு அசலாக இன்னொரு பதிப்பைத் தயாரித்தது. ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் பிற்பாடு அதே இசையை ஓசியில் இறக்கிக்கொண்டார்களோ! கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.

இசைக் கோப்புகளைப் பகிரும் நாப்ஸ்டரில் வேலை பார்த்த நிர் ஆர்பெல் தொடங்கிய, அதேபோன்ற பகிர்வுச் சேவையான சோல்சீக்கில் முதலில் குவிந்தவர்களும் எலெக்ட்ரானிக் இசைப் பைத்தியங்கள்தான். சின்ன லேபிள்கள் சில நூறு இசைத்தட்டுகளே அச்சிடும். தீர்ந்துபோனால் பழைய தட்டு டிஸ்காக்ஸ் என்ற இணையச் சந்தையில் யானை விலை, குதிரை விலை. அதில் இசைத்தவருக்குச் சல்லிக்காசு போகாது. அப்படிப்பட்டதை ஒருவர் இறக்கிக் கேட்டால் எனக்குப் பெரிய கோபம் வராது.

கலைஞர்களும் லேபிள்களும் நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் விற்பனைக்கு இருப்பதை இறக்குவது வேறு கதை. டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது பொதுவாக 15 சதவீதம்; கட்டணங்கள் போக மிச்சம் கலைஞருக்கோ லேபிளுக்கோ போகிறது. அதிலும் என்னால் பொறுக்க முடியாதவர்கள் டிஜேக்கள். சம்பளம் பேசி மேடை ஏறுகிறார்கள், ஒரு டீ விலைக்குக் கிடைக்கும் பாட்டைத் திருடி ஒலிக்கவிடுகிறார்கள். போதாததற்கு 128 கேபிபிஎஸ் எம்பி3! பெரிய ஸ்பீக்கரில் ஹை-ஹாட் சத்தம் தகரத்தைச் சுரண்டுவதுபோல் கேட்கும்.

2020 மார்ச்சில் கொரோனா கிளப்புகளை மூடியபோது, பேண்ட்கேம்ப் ஒரு வெள்ளிக்கிழமை தன் பங்கை விட்டுக்கொடுத்தது. பிறகும் அப்படிப் பல வெள்ளிகள் வந்தன. வாங்க வேண்டியவற்றை அந்த நாளுக்கென்றே நான் சேர்த்துவைப்பேன்.