வீட்டுக் கணினியில் டெபியன் லினக்ஸ் நிறுவுதலும் பழைய தமிழ்க் கோப்புகளின் பாதுகாப்பும்

முன்னுரை

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோரால் உருவாக்கப்பெற்ற யூனிக்ஸ், நெடுங்காலம் பல்கலைக்கழகங்களிலும் பெருநிறுவனங்களிலும் மட்டுமே வழங்கிவந்தது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளும், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருனியும் இணைந்தபோது, யூனிக்ஸை ஒத்த இயங்குதளம் இல்லங்களுக்கும் எட்டியது. அவ்விணைப்பை முறைப்படுத்தி வழங்கும் தொகுப்புகளுள் 1993இல் தொடங்கிய டெபியன் குறிப்பிடத்தக்கது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 கோரும் டி.பி.எம். 2.0 வசதி பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. நன்கு இயங்கும் கணினியைக் கைவிட மனமில்லாதோர் லினக்ஸை நாடுகின்றனர். தமிழாய்வாளரைப் பொறுத்தவரை இம்மாற்றத்தில் ஒரு தனி இடர் உள்ளது.

பழைய குறியாக்கக் கோப்புகள்

ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் தட்டச்சு செய்யப்பெற்ற ஆய்வேடுகள் பாமினி முதலிய எழுத்துருக்களிலும் தாம், தாப், தஸ்கி ஆகிய குறியாக்கங்களிலும் அமைந்தவை. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று எழுதினால், கோப்பில் பதிவாவது தமிழன்று. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே பதிவாகின்றன. அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துருக் கோப்பு ஒன்றே. எனவே கட்டுரைகளை மட்டும் படியெடுத்துக்கொண்டு வன்தட்டை அழித்தால், எழுத்துரு அழிந்துபோகக் கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும். கோப்பு இருக்கும், படிக்க இயலாது.

ஆதலின் விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையையும் காப்புப்படியில் சேர்த்தல் வேண்டும். லினக்ஸில் அவ்வெழுத்துருக்களைப் பயனரின் எழுத்துருக் கோப்புறையில் இட்டால் பழைய கோப்புகள் முன்போலவே தோன்றும். எனினும் இது தற்காலிகத் தீர்வே. பாமினிக் கோப்பில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுதல் இயலாது. சொல்லடைவும் ஆக்க முடியாது. ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நிரல்தொகுப்பில் பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றும் வசதி உண்டு. ஆயினும் கோப்பிலுள்ள ஆங்கில மேற்கோள்களும் பக்க எண்களுக்கு முன்னுள்ள சுருக்கக் குறிகளும் மாற்றத்தில் தமிழெழுத்துகளாகச் சிதையக்கூடும். ஒப்புநோக்காமல் மூலக்கோப்பை அழித்தல் கூடாது.

வட்டைப் பிரித்தல்

விண்டோஸையும் வைத்துக்கொள்ள விரும்புவோர் முதலில் அதன் சொந்த வட்டு மேலாண்மைக் கருவியாலேயே அதன் பகுதியைச் சுருக்கி வெற்றிடம் உண்டாக்குதல் நலம். பிட்லாக்கர் பூட்டு இருப்பின் மீட்புத் திறவுகோலை முன்னரே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். விரைவுத் தொடக்க வசதியையும் நிறுத்த வேண்டும். அது செயற்படும்போது விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை, அந்நிலையில் அதன் பகுதியில் லினக்ஸ் எழுதினால் கோப்புகள் பழுதாகலாம்.

டெபியன் நிறுவியைப் பதிவிறக்கி, அதன் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டபின் பென் டிரைவில் எழுதுக. அதில் முன்னிருந்தவை யாவும் அழியும். 2023இல் வெளிவந்த டெபியன் 12 முதல் வைஃபை முதலிய வன்பொருள்களுக்கான நிலைபொருள்கள் நிறுவியிலேயே சேர்க்கப்பட்டுள்ளமையால், முன்பு பலரைத் தடுத்த தொல்லை பெரிதும் நீங்கிற்று. நிறுவியின் திரைகளைத் தமிழிலேயே காணவும் இயலும்.

கவனம் தேவைப்படும் இடம் ஒன்றே. ‘முழு வட்டையும் பயன்படுத்துக’ என்பதும் ‘வெற்றிடத்தை மட்டும் பயன்படுத்துக’ என்பதும் அடுத்தடுத்துத் தோன்றும். முன்னதைத் தேர்ந்தால் விண்டோஸும் கோப்புகளும் போய்விடும். மாற்றங்களை வட்டில் எழுதலாமா என்று நிறுவி இறுதியாக வினவும். அங்கு முன்னிருப்பு விடை ‘இல்லை’ என்பதே. அத்திரையில் பகுதிகளின் அளவுகளை நிதானமாகப் படித்தல் தகும். இரு இயங்குதளங்களுக்கும் பொதுவான ஈ.எஃப்.ஐ. பகுதியை வடிவமைத்தல் கூடாது.

நிறுவியபின்

தொடக்கப் பட்டியலில் விண்டோஸ் தென்படாவிடில் அது அழிந்தது என அஞ்ச வேண்டியதில்லை. பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி கிரப்பின் புதிய பதிப்புகளில் இயல்பாக நிறுத்தப்பட்டிருக்கும். அமைப்புக் கோப்பில் அதனை இயக்கிப் பட்டியலைப் புதுப்பித்தால் போதும். விண்டோஸின் கடிகாரம் ஐந்தரை மணிநேரம் பின்தங்குவதும் பழுதன்று. லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொதுநேரத்தில் வைக்க, விண்டோஸ் அதனையே இந்திய நேரமாகக் கொள்கிறது. இரண்டனுள் ஒன்றன் அமைப்பை மாற்றுக.

தமிழ் உள்ளீட்டிற்கு ஐபஸ் கட்டமைப்போடு எம்17என் தொகுதியை நிறுவினால், 1999ஆம் ஆண்டின் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். தமிழ்த் தட்டச்சுப்பொறியில் பழகிய மூத்த பேராசிரியர்களுக்கும் அத்தொகுதியிலேயே அவ்வமைப்பு உள்ளது. பழைய ஆய்வேடு ஒன்றைத் திறந்து, ஒற்றெழுத்துகளும் கொம்புகளும் உரிய இடத்தில் உள்ளனவா என்று சில பக்கங்களேனும் படித்துப் பார்த்தபின்னரே விண்டோஸ் பகுதியை நீக்குவது பற்றி எண்ணலாம்.