அணையாத காற்றுப்பை விளக்கு

சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைந்துவிட வேண்டும். அணையாவிட்டால் விபத்தில் பை விரியாமலே போகலாம். 2019 ஜூலை முதல் புதிய கார்களில் டிரைவருக்கு இந்தப் பை கட்டாயம்.

சோதனைக் கருவிக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி பதில் தராவிட்டால், "பெட்டி போய்விட்டது, மாற்றுங்கள்" என்பார்கள். அவசரம் வேண்டாம். முதலில் பியூஸ், எர்த், கனெக்டர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது, கார்ப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை ஒயர். பாட்டரியைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, இரண்டுக்கும் இடையே அளந்தால் பல கார்களில் 60 ஓம் காட்டும். 120 என்றால் பெரும்பாலும் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது.

பைக்குப் போகும் ஒயரில் மட்டும் சாதாரண மீட்டரை வைக்கவே கூடாது. பை வெடித்து விரியக்கூடும்!

பியூஸுக்குச் சில ரூபாய். பெட்டிக்குப் பல ஆயிரம். கேட்டுவிட்டே மாற்றுங்கள்.