சிமிட்டல் ஒன்றுக்கு எத்தனை ஜூல்?

இரவு பத்தரை மணி. வீட்டில் எல்லா விளக்குகளையும் அணைத்தாயிற்று. மின்விசிறிகள் நின்றுவிட்டன. குளிர்பதனப் பெட்டியின் சொருகியைக்கூடக் கழற்றி வைத்தாயிற்று. வாசல் சுவரிலுள்ள மின்மீட்டரின் முன்னால் கைக்கடிகாரத்துடன் ஒரு மாணவி நிற்கிறாள். மீட்டரிலுள்ள சிறிய சிவப்பு விளக்கு ஒரு முறை கண் சிமிட்டுகிறது. முக்கால் நிமிடம் கழித்து மீண்டும் ஒரு முறை. எல்லாம் அணைந்திருக்கும்போது இது யாருக்காகச் சிமிட்டுகிறது?

பத்தாம் வகுப்பில் படிக்கும் இந்தப் பெண் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. மறுநாள் காலை நோட்டுப் புத்தகத்துடன் என்னிடம் வந்துவிட்டாள். "சார், எங்க மீட்டர் கெட்டுப்போச்சுன்னு அப்பா சொல்றாங்க. பாட்டிதான் பகலெல்லாம் ஃபேன் போட்டு பில்லை ஏத்திட்டாங்கன்னு அம்மா சொல்றாங்க. எது சரி?" என்று கேட்டாள். அந்த வீட்டில் இரண்டு மாதக் கணக்கு 486 யூனிட் வந்திருந்தது. அதன் பிறகு பாட்டி பகலில் மின்விசிறியைப் போடாமல் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் அவளே சொன்னாள். கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது. குற்றம் சாட்டுவதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டாமா?

அளப்பதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. பழைய மின்மீட்டர்களுக்குள் ஓர் அலுமினியத் தட்டு சுழன்றுகொண்டிருக்கும். மின்சுருள்களின் காந்தப்புலம் அந்தத் தட்டில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டித் தட்டைத் திருப்பும். மின்திறன் கூடக் கூடத் தட்டின் வேகமும் கூடும். இன்றைய மின்னணு மீட்டர்களில் தட்டு இல்லை. அதற்குப் பதிலாகச் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. உங்கள் வீட்டு மீட்டரின் முகப்பை உற்றுப் பாருங்கள். பல மீட்டர்களில் 3200 என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகியிருக்கிறது என்பது அதன் பொருள். சில மீட்டர்களில் வேறு எண்ணும் இருக்கலாம். உங்கள் மீட்டரில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு யூனிட் என்பது 1000 வாட் திறன் ஒரு மணி நேரத்தில் செய்யும் வேலை. அதாவது 1000 × 3600 = 36,00,000 ஜூல். இதை 3200-ஆல் வகுத்தால் ஒரு சிமிட்டலுக்கு 1125 ஜூல் என்று கிடைக்கிறது. இது பெரிதா, சிறிதா? 10 லிட்டர் நீர் நிறைந்த வாளியை ஏறத்தாழ 11½ மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து இறைப்பதற்கு இதே அளவு ஆற்றல்தான் வேண்டும் (10 × 9.8 × 11.5 என்று பெருக்கிப் பாருங்கள்; வாளியின் எடையை விட்டுவிட்டேன்). சிவப்பு விளக்கு ஒரு முறை சிமிட்டினால் யாரோ ஒருவர் ஒரு வாளி நீர் இறைத்துத் தந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனிக் கணக்கு எளிது. பத்துச் சிமிட்டலுக்கு ஆகும் நேரத்தை வினாடியில் குறித்து, அதனால் 11,250-ஐ வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் மின்திறன் வாட்டில் வந்துவிடும். ஒரே ஒரு சிமிட்டலை அளந்தால் பிழை மிகும். மீட்டரைத் தொடவோ அதன் முத்திரையை அசைக்கவோ கூடாது. சொருகியைக் கழற்றும்போது முதலில் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

முதல் நாள் அவளுடைய கணக்கு தறிகெட்டுப் போயிற்று. ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்தால் இரண்டு விடைகள்! குளிர்பதனப் பெட்டியின் மோட்டார் தானாக ஓடித் தானாக நிற்கும் என்பதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. அதனால்தான் மறுநாள் இரவு அதன் சொருகியையும் கழற்றினாள். அப்போது பத்துச் சிமிட்டலுக்கு 450 வினாடி ஆயிற்று. அப்படியானால் 'எல்லாம் அணைந்த' வீடு 25 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. தொலைக்காட்சிக்கு அடியிலிருந்த செட்-டாப் பெட்டியின் சுவிட்சை அணைத்ததும் பத்துச் சிமிட்டலுக்குப் பதினான்கு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. ஆக, யாரும் பார்க்காத வேளையிலும் அந்தப் பெட்டி ஏறத்தாழ 12 வாட் தின்றிருக்கிறது. மீதி 13 வாட் இன்வெர்ட்டருக்கும் இணைய மோடத்துக்கும் உரியது. மீட்டர் கெட்டுப்போகவில்லை.

12 வாட் என்பது அற்பம் என்று தோன்றும். தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புகள் 2 கோடிக்கு மேல் உள்ளன. அவற்றுள் பாதி வீடுகளில் இப்படி ஒரு பெட்டி இருந்தாலும் மொத்தம் 120 மெகாவாட் ஆகிறது. பார்ப்பவர் இல்லாத திரைகளுக்காக ஒரு சிறு மின்நிலையம் இரவும் பகலும் ஓட வேண்டும்.

அடுத்து பாட்டியின் மின்விசிறி. அது இரண்டாம் எண்ணில் மெதுவாகத்தான் சுழலும். ஆனால் அளந்தபோது 60 வாட் வந்தது! இதற்குக் காரணம் விசிறியில் இல்லை, சுவரில் இருந்தது. அந்த அறையில் பழைய பெட்டி வகை ரெகுலேட்டர். அதற்குள்ளே மின்தடைக் கம்பிச் சுருள் இருக்கிறது. வேகத்தைக் குறைக்கும்போது மின்னழுத்தத்தின் ஒரு பகுதி இந்தச் சுருளில் விழுந்து வெப்பமாகிறது. தொட்டுப் பார்த்தால் பெட்டி சுடும். பாட்டிக்குக் காற்றாகச் சேர வேண்டிய ஆற்றலில் கணிசமான பங்கு சுவரைச் சூடாக்கியிருக்கிறது. புதிய மின்னணு ரெகுலேட்டர் வேறு விதமாக வேலை செய்கிறது. நம் வீட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்று மாறுகிறது அல்லவா? ஒவ்வோர் அரைச் சுற்றிலும் சிறிது நேரம் பாதையை மூடிவிட்டு மீதி நேரம் மட்டும் திறந்துவிடுகிறது. மூடியிருக்கும்போது மின்னோட்டம் இல்லை. ஆகையால் வெப்பமும் இல்லை. சில வகைகளில் மின்தேக்கிகள் இந்த வேலையைச் செய்கின்றன. ரெகுலேட்டரை மாற்றிய பிறகு அதே வேகத்துக்கு 35 வாட்தான் வந்தது.

இதற்கிடையில் அவளுடைய நோட்டில் ஒரு கணக்கு அவளுக்கே எதிராகத் திரும்பிவிட்டது. கீசரை அளக்கப் போனாள். விளக்கு வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை மின்னியதால் எண்ண முடியவில்லை. நான் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். 15 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியசுக்கு ஏற்ற வேண்டும். ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி உயர்த்த 4200 ஜூல் வேண்டும். 15 × 4200 × 32 = 20,16,000 ஜூல்; அதாவது 0.56 யூனிட். அவள் வீட்டு 2000 வாட் கீசர் 18 நிமிடம் ஓடி நின்றது, 0.6 யூனிட். கணக்கும் கருவியும் இவ்வளவு நெருங்கி வருவது இயற்பியல் ஆசிரியனுக்கு எத்தனை முறை பார்த்தாலும் மகிழ்ச்சிதான்!

0.6 யூனிட்டில் பாட்டியின் விசிறி, புதிய ரெகுலேட்டருடன், 17 மணி நேரம் சுழலும். பழைய ரெகுலேட்டருடன்கூட 10 மணி நேரம். தினமும் காலையில் வெந்நீரில் குளிப்பவர்கள் அந்த வீட்டில் இருவர்: அப்பா ஒருவர், இந்தப் பெண் மற்றொருவர். சிமிட்டல் கணக்கில் ஒரு குளியல் 1920 வாளி. இளமையில் நாள்தோறும் கிணற்றில் நீர் இறைத்த பாட்டி இதைக் கேட்டுவிட்டு, "ஆயிரத்துத் தொள்ளாயிரம் வாளியா? ஊரே குளிக்கலாமேடி!" என்றாராம்.

பொருளைத் தூக்குவதற்கும் காற்றை அசைப்பதற்கும் ஆற்றல் மிகக் குறைவாகத்தான் தேவை. சூடாக்குவதற்கும் குளிர்விப்பதற்கும் மிகுதியாகத் தேவை. நம் கண்ணும் காதும் இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. சுழலும் விசிறி கண்ணில் படுகிறது, ஓசை எழுப்புகிறது; கீசரோ சத்தமில்லாமல் மூலையில் தொங்குகிறது. பாட்டி மேல் பழி விழுந்ததற்கு இதுவே காரணம் என்பேன்.

'காசு கொடுக்கிறோம், செலவழிக்கிறோம், அதனால் என்ன?' என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. ஒரு யூனிட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை அனல் மின்நிலையங்களுக்கு வேண்டிய நிலக்கரியில் பெரும்பகுதி ஒடிசாவில் வெட்டப்பட்டு, பாரதீப் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வருகிறது. இந்திய நிலக்கரியைக் கொண்டு ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 700 கிராம் வேண்டும். அதில் வெளிப்படும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே மின்சாரமாகிறது. மீதி, குளிர்விக்கும் நீரிலும் புகைபோக்கியிலும் போய்விடுகிறது. இதற்காகப் பொறியாளரைக் குறை சொல்ல முடியாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி போட்ட எல்லைக்குள்தான் எந்த நீராவிச் சுழலியும் ஓட வேண்டும்.

அப்படி அரும்பாடுபட்டு வெப்பத்திலிருந்து மின்சாரத்தைப் பிரித்தெடுத்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கம்பியில் கொண்டுவந்து, கடைசியில் மறுபடியும் வெப்பமாக்கித்தான் கீசரில் ஊற்றுகிறோம்! வீட்டு மாடியில் சூரிய வெந்நீர்க் கலம் ஒன்று இருந்தால் இந்தச் சுற்றுப் பயணமே வேண்டியதில்லை. 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு நீரை ஏற்ற நம் ஊர் வெயில் தாராளம்.

700 கிராம் நிலக்கரி எரிந்தால் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. எரிபொருளைவிடப் புகை எடை கூடுதலாக இருப்பது எப்படி என்று வியக்க வேண்டாம். 12 கிராம் கார்பன் காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிசனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் வாயுவாகிறது. ஒரு கிலோகிராம் என்பது சாதாரண வெப்பநிலையில் சுமார் 550 லிட்டர். சாம்பல் வேறு இருக்கிறது. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி. ஒரு யூனிட்டுக்குக் கால் கிலோகிராம் என்று கொள்ளலாம். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் பல இடங்களில் சாம்பல் சேறாகப் படிந்து, மீனவர்கள் வலை வீசும் ஆழத்தையே குறைத்துவிட்டது. மின்சாரத்தின் விலையில் ஒரு பகுதியை அவர்கள் செலுத்துகிறார்கள். அது நம் ரசீதில் வருவதில்லை.

எல்லா யூனிட்டும் நிலக்கரியிலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகள் ஓயாமல் சுழல்கின்றன. பகலில் சூரியத் தகடுகளும் பெருமளவு தருகின்றன. மாலையில் சூரியன் மறையும் வேளையில்தான் எல்லா வீடுகளிலும் விளக்கு எரிகிறது. ஆகையால் மாலை ஏழு மணிக்கு மிச்சப்படுத்தும் யூனிட்டுக்கு நண்பகல் யூனிட்டைவிட மதிப்பு அதிகம்.

நம் மாணவிக்கு இவ்வளவும் தெரிந்ததும் பழைய குளிர்பதனப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐந்து நட்சத்திரப் பெட்டி வாங்கலாம் என்று அப்பாவை நச்சரிக்கத் தொடங்கினாள். நான் தடுத்தேன். புதிய பெட்டியின் இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் எங்கோ நிலக்கரி எரிந்துதானே இருக்கும்? முதலில் கதவைச் சோதிக்கச் சொன்னேன். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுக்க வேண்டும். எதிர்ப்பின்றி வந்துவிட்டால் கதவின் ரப்பர் பட்டை தளர்ந்துவிட்டது; குளிர் கசிகிறது. இழுத்தாள், வழுக்கிக்கொண்டு வந்தது. பட்டையை மாற்றும் முன் மோட்டார் மணிக்கு 38 நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. மாற்றிய பின் 27 நிமிடம். 160 வாட் மோட்டாருக்கு இது நாளொன்றுக்கு 0.7 யூனிட் வேறுபாடு. இவை எல்லாம் பிப்ரவரி மாதத்தில் நடந்தவை.

செட்-டாப் பெட்டி, ரெகுலேட்டர், ரப்பர் பட்டை, தான் விட்டுக்கொடுத்த வெந்நீர்க் குளியல் எல்லாம் சேர்த்து அடுத்த இரண்டு மாதத்தில் 115 யூனிட் குறையும் என்று அவள் கணித்திருந்தாள். குறைந்தது 82 தான். முகம் வாட, "33 யூனிட் எங்கே போச்சு சார்?" என்றாள். அளவீடு பொய்யா, கணிப்பு பொய்யா?

இரண்டும் இல்லை. பருவம் மாறியதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. குளிர்பதனப் பெட்டிக்குள் 4 டிகிரி. வெளியே அறை வெப்பநிலை பிப்ரவரியில் 28 என்றால் வேறுபாடு 24. ஏப்ரலில் அறை 33 டிகிரி, வேறுபாடு 29. சுவர்வழி உட்புகும் வெப்பம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. ஆகவே மோட்டாருக்கு ஐந்தில் ஒரு பங்கு வேலை கூடும். நாளொன்றுக்கு 1.7 யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அறுபது நாளைக்கு ஏறத்தாழ 20 யூனிட்.

மீதி 13 யூனிட்டுக்கு மற்ற அறைகளின் மின்விசிறிகள் மேல் ஐயம். ஆனால் கோடையில் அவை எத்தனை மணி நேரம் ஓடின என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. இந்தத் தடவை குறித்து வைக்கும் பொறுப்பைப் பாட்டி ஏற்றுக்கொண்டிருக்கிறார். தம் விசிறிக்கு அடியில் அமர்ந்து, தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில், யார் எந்த அறையில் எப்போது போட்டு எப்போது அணைத்தார்கள் என்று எழுதுகிறாராம்.