தாயார் பெயர் என்ற கட்டத்தில்...

மும்பையில் ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு முகங்கள் மறந்துபோகும், பெயர்கள் மறக்காது. தாதரிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாளுக்கியா எக்ஸ்பிரசுக்கு வரும் படிவம் ஒன்றைக் கையில் எடுத்தால் போதும், ஒரு குடும்பத்தின் வரலாறே அதில் இருக்கும். ஒரு படிவத்தில் ஆறு பேர். முதல் வரியில் தாத்தா சுடலைமுத்து, அடுத்து பாட்டி இசக்கியம்மாள், அதன் கீழே மகன் சுரேஷ், மருமகள் கவிதா, கடைசியில் பேரப்பிள்ளைகள் ரித்விக், தன்ஷிகா. மூன்று தலைமுறைக்குள் பெயர் எவ்வளவு தூரம் பயணம் செய்துவிடுகிறது பாருங்கள்!

படிவத்தில் பெயருக்கு 15 ஆங்கில எழுத்துகள்தாம் இடம். பாலசுப்பிரமணியன் மயிரிழையில் தப்புவார், சரியாகப் பதினைந்து. இனிஷியலுக்கு இடம் இராது.

பெயர்களைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. எழுத வைத்தது சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த சம்பவம்.

"என் பேரை எழுதாதீங்க"

எங்கள் சாலில் யாருக்கு எந்த விண்ணப்பம் என்றாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அன்று வந்தவர், அதிகாலையில் எழுந்து இட்லி அவித்து சைக்கிளில் விற்றுவரும் நண்பரும், அவருடைய மனைவியும். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. பிறப்பைப் பதிவு செய்தாகிவிட்டது. பெயர் மட்டும் சேர்க்க வேண்டும்.

மகாராஷ்டிர அரசு 2024-ல் ஒரு நல்ல காரியம் செய்தது. அந்த ஆண்டு மே 1-ந் தேதி முதல் பிறக்கும் குழந்தைகளின் பெயரை அரசு ஆவணங்களில் எழுதும்போது, முதலில் பிள்ளையின் பெயர், அடுத்து தாயார் பெயர், பிறகு தந்தை பெயர், கடைசியில் குடும்பப் பெயர் என்று எழுத வேண்டும் என்பது உத்தரவு. தாய்க்கு இரண்டாவது இடம் கிடைத்தது. பெண்கள் பலர் மகிழ்ந்தார்கள். என் எதிரே உட்கார்ந்திருந்த பெண் மகிழவில்லை.

"அண்ணாச்சி, அந்தக் கட்டத்துல என் பேரை எழுதாதீங்க. பொன்னின்னு எழுதிருங்க" என்றார்.

"ஆதார்ல இருக்கிறதத்தானம்மா எழுதணும்" என்றேன்.

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்த பெயர் போதும்பொண்ணு. வீட்டில் நான்காவது பெண்.

"இங்க யாருக்கும்மா அர்த்தம் தெரியப்போகுது? டீச்சரு மராத்திக்காரங்க" என்று சமாதானம் சொன்னேன்.

"என் மவளுக்குத் தெரியும்லா அண்ணாச்சி?" என்றார் அவர்.

எனக்குப் பதில் வரவில்லை.

காக்கும் பெயரும் கடியும் பெயரும்

பொருள் சரியில்லாத பெயர்கள் எல்லாம் ஒன்றல்ல. பிச்சை, குப்பன், குப்பம்மாள் என்ற பெயர்களைக் கேட்டு இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். முன்பெல்லாம் பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்து வந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, "இது குப்பை, எமனே உனக்கு வேண்டாம்" என்று விதியை ஏமாற்றப் பார்த்தார்கள். பிச்சை என்றால் தெய்வத்திடம் மடியேந்தி வாங்கிய பிள்ளை. மராத்தியரிடமும் இந்த வழக்கம் உண்டு. தக்டூ, தோண்டூ என்ற பெயர்களுக்குக் கல் என்பது பொருள். கல்லை யார் கண் வைப்பார்கள்? 1916-ல் பெண்களுக்கென்று பல்கலைக்கழகம் தொடங்கி, பின்னர் பாரத ரத்னா விருதும் பெற்ற மகரிஷி கார்வேயின் பெயர் தோண்டோ கேசவ கார்வே. இவையெல்லாம் வசைபோல் தோன்றும் வாழ்த்துகள்.

தெய்வப் பெயர்களும் அப்படியே. இயக்கி என்பதே இசக்கி ஆயிற்று, வடமொழியில் யட்சி. சுடலை என்றால் சுடுகாடு. அங்கே நின்று ஊரைக் காப்பவர் சுடலைமாடன். இந்தப் பெயர் உள்ளவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பெயர்கள் வேறு ரகம். அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று, பிறந்த பெண்ணின் தலையில் எழுதிய விண்ணப்பம் அது. திருத்தணி பக்கத்துக் கிராமம் ஒன்றில் இவ்வழக்கம் இருந்தது 2019-ல் பத்திரிகைகளில் வெளிவந்தது. நம் ஊரில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். இதே மகாராஷ்டிரத்தில் சத்தாரா மாவட்டத்தில், வேண்டாதவள் என்று பொருள்படும் நகுசா, நகுஷி என்ற பெயர்களைத் தாங்கிய 285 பெண் பிள்ளைகளுக்கு, 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகமே விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டியது. தங்களுக்குப் பிடித்த பெயரை அப்பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள்.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "அத்தனை பேரா?" என்று கேட்டார். முகத்தில் சிறிது தெளிவு வந்தது.

தூசி படிந்த பெயர்கள்

சரி, குழந்தைக்கு என்ன பெயர்? "யாரும் வைக்காத பேரா, நல்ல அர்த்தமா ஒண்ணு சொல்லுங்க" என்றார் கணவர். எனக்குத் தெரிந்தது பள்ளி இறுதி வகுப்புத் தமிழும், நூலகத்தில் மேய்ந்ததும்தான். ஆயினும் சொன்னேன். வாசகர்களுக்கும் பயன்படலாம்.

சங்கப் பெண் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள். நன்முல்லை, மாசாத்தி, நப்பசலை. பெயருக்கு முன்னால் வரும் 'ந' என்ற எழுத்துக்குச் சிறந்த, நல்ல என்பது பொருள். நக்கீரன், நப்பின்னை, நப்பூதன் எல்லாம் இப்படி வந்தவையே. நன்முல்லையில் 'நல்' என்பதே முழுதாக நிற்கிறது. ஆதிமந்தியின் கதையில் வரும் மருதி என்ற பெயர் எவ்வளவு சிறியது, இனியது! மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சையிட்டவள் ஆதிரை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய 400 ஆடல் மகளிரின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏகவீரி என்று ஒருத்தி. எடுத்தபாதம் என்று ஒருத்தி. தூக்கிய திருவடியையே பெயராகச் சூட்டிய தாய் எத்தகையவளோ!

ஆண் பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை. கொற்றன் என்றால் வெற்றியுடையவன். பண்ணன் என்பவன் பசித்தவர்க்குச் சோறிட்டதைச் சோழ மன்னன் ஒருவனே பாடினான். தன் தலைக்கு விலை வைக்கப்பட்டபோது, பாட வந்த புலவனிடம் வாளை நீட்டியவன் குமணன். ஆதன், குவிரன் என்ற பெயர்கள் கீழடிப் பானை ஓடுகளில் கிடைத்துள்ளன.

இன்னொன்று நம்மைப்போல் ஊர்விட்டு வந்தவர்களுக்குச் சுவையானது. எகிப்தில் செங்கடல் கரையில் உள்ள குசைர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில், சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய பானை ஓடுகளில் கண்ணன், சாத்தன் என்ற இரு பெயர்கள் பழந்தமிழ் எழுத்தில் உள்ளன. சாத்து என்றால் வணிகர் கூட்டம். கடல் கடந்து போனவனும் தன் பானையில் தன் பெயரைத் தன் எழுத்தில்தான் எழுதினான்.

ழகரம் படும் பாடு

பெயர் வைக்கும்போது இங்குள்ள நிலையையும் பார்க்க வேண்டும். மராத்தியில் நம் ளகரம் உண்டு. லோகமான்ய திலகரின் பெயரையே அவர்கள் ளகரம் போட்டு 'டிளக்' என்பார்கள். ஆகவே வள்ளிக்குக் கவலையில்லை. ழகரம் கிடையாது. ஆங்கிலத்தில் நாம் இரண்டு எழுத்து போட்டு எழுதும் ழகரத்தை இங்கு ஜகரமாகப் படிக்கிறார்கள். கயல்விழி கயல்விஜி ஆகிவிடுகிறாள். சாத்தன் நல்ல பெயர்; ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் சாத்தான் என்று படித்துவிடுவார்கள். வேண்டுவோர் வைக்கலாம், தெரிந்து வைக்க வேண்டும்.

அவசரமும் வேண்டியதில்லை. பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டு வரை சேர்க்க முடியும். ஆனால் 2023 அக்டோபர் 1-ந் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்பதால், சோம்பலும் ஆகாது.

ஒருமுறை மட்டும்

ஒரு வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். வீட்டில் பேசி முடித்துவிட்டார்களாம். பிள்ளைக்கு நன்முல்லை.

"அவளுக்கு முன்னால என் பேரை மாத்தணும் அண்ணாச்சி. அதுக்கு எங்க போகணும்?" என்று கேட்டார் அந்தத் தாய்.

மகாராஷ்டிர அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட விண்ணப்பிக்கலாம், அதைக் காட்டி மற்ற ஆவணங்களைத் திருத்தக் கேட்கலாம் என்றேன். பழைய பெயர் என்ற இடத்தில் போதும்பொண்ணு என்றும், புதிய பெயர் என்ற இடத்தில் பொன்னி என்றும் எழுதினேன். வீட்டு வேலை செய்யும் இடங்களில் அவரை அப்படித்தான் அழைக்கிறார்களாம். பொன்னி என்பது காவிரியின் பெயர் என்று சொன்னபோது, அது தமக்குத் தெரியாது என்றார்.

"பழைய பேரும் அச்சுல வருமா?"

"ஒரே ஒரு தடவை வரும்."

சிறிது நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரட்டும் அண்ணாச்சி. எங்க அம்மா வச்சது" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டார். கடைசியாகப் பழைய பெயரில் போட்ட கையெழுத்து அதுவாக இருக்கும் என்று நம்புகிறேன்.