அதிகாலை மூன்றரை மணிக்கு எங்கள் ஷெட்டில்

வாருங்கள், செருப்பைக் கழற்ற வேண்டாம், தரையெல்லாம் டீசல். பதினெட்டு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டார்ட் ஆகப்போகின்றன. அந்த உறுமலில் ஆபீஸ் அறையின் தகரக் கூரையே நடுங்கும். தினமும் கேட்கிறேன், இன்னும் எனக்குப் புல்லரிக்கிறது!

சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கம்பெனி பஸ் ஓட்டுகிறோம். இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் லாரியும் டயரும் புல்லட்டும், நடுவில் போன், கண்ணாடி என்று இந்தச் சாலையில் என்னவெல்லாமோ பிறக்கிறது. ஆனால் ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு கேட்டுக்குள் நுழைய வேண்டிய பெண், நாலு மணிக்கு வந்தவாசியில் தலைபின்னிக்கொண்டிருக்கிறாள். அவளைக் கொண்டுவந்து சேர்ப்பது நாங்கள்!

அதோ, அந்த பஸ்ஸின் முன்கண்ணாடியைப் பாருங்கள். எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் லேமினேட் செய்த ஒரு அட்டை. முன்பக்கம் ஒரு கம்பெனியின் ரூட் நம்பர், பின்பக்கம் இன்னொரு கம்பெனியுடையது. ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு ஒருவர், எட்டரை மணி ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு இன்னொருவர் என்று ஒரே வண்டி இரண்டு பேருக்கு உழைத்தால்தான் மாதத் தவணை கட்ட முடியும். எங்கள் தொழிலின் சூட்சுமம் முழுக்க அந்த அட்டையில்தான்.

எங்களிடம் நாலே வண்டி இருந்த காலத்தில் ஒரு ராத்திரி ஒரு கம்பெனி மேடத்திடமிருந்து போன் வந்தது. "திங்கட்கிழமையிலிருந்து இன்னும் ஏழு வண்டி வேணும், முடியுமா?" நான் யோசிக்கவே இல்லை, "முடியும் மேடம்" என்றுவிட்டேன். மற்றவர்களின் வண்டிகளை 'அட்டாச்' ஆகப் பிடித்தோம், புது டிரைவர்களைச் சேர்த்தோம். இரண்டாவது வாரமே வாலாஜாபாத்தில் இருட்டில் ஒரு அட்டை திருப்பி மாட்டப்பட்டது. போர்டைப் பார்த்து ஏறிய 34 பெண்களும் தூங்கிவிட்டார்கள். கண் விழித்தபோது வேறு கம்பெனியின் கேட்! அந்த கேட்டுக்கு வரவேண்டியவர்களோ வாலாஜாபாத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

"போர்டு மாறிடுச்சும்மா" என்ற டிரைவர் அண்ணனின் குரலே உடைந்துபோயிருந்தது. ஸ்பேர் வண்டியை வாலாஜாபாத்துக்கு விரட்டிவிட்டு, இரண்டு கம்பெனிகளுக்கும் நானே முதலில் கூப்பிட்டேன். "மேடம், உங்க பொண்ணுங்க 34 பேரும் பத்திரமா இருக்காங்க. தப்பு எங்களோடது. ஆறு பன்னிரண்டுக்கு கேட்ல இருப்பாங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஆறு பன்னிரண்டுன்னா ஆறு பன்னிரண்டு."

நேரம் தெரிந்ததால் இரவு ஷிஃப்ட்டில் சிலரை லைனில் நிறுத்திவைக்க அவரால் முடிந்தது, லைன் நிற்கவில்லை. பெனால்டி பிடித்தார்கள், நியாயம்தான். ஆனால் காண்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது அதே மேடம் இரண்டு வண்டி கூடுதலாகக் கேட்டார்! அன்றிலிருந்து எங்கள் ஷெட்டில் ஒரே சட்டம்: பஸ் லேட் என்பது கம்பெனிக்கு எங்கள் வாயால்தான் முதலில் தெரிய வேண்டும்.

வண்டி பெருகப் பெருகக் கையில் காசு குறைந்ததுதான் ஆச்சரியம். டீசல் இன்றைக்கு, சம்பளம் ஏழாம் தேதி, பில் பணம் மட்டும் இரண்டு மூன்று மாதம் கழித்து. எங்கள் ஆடிட்டர்தான் சிறு நிறுவனம் என்று அரசின் உதயம் தளத்தில் பதிவு செய்யவைத்தார். எங்களைப் போன்ற சிறு நிறுவனங்களுக்கு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். அதையும் தாண்டி, நிதியாண்டு முடிவிலும் நிலுவையில் வைத்தால், வாங்கியவர் அந்தத் தொகையை அந்த வருஷ வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நான் சண்டை போடுவதில்லை. ஒவ்வொரு பில்லின் அடியிலும் உதயம் எண்ணைப் பளிச்சென்று அச்சடிக்கிறேன், அவ்வளவுதான்.

இந்தச் சாலை மறக்காத ஒரு தேதி உண்டு: 2014 நவம்பர் 1. 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா செல்போன் தொழிற்சாலை அன்று நின்றது. ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்கிய தடங்கள் வெறிச்சோடின. அதனால்தான் எங்கள் வண்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த ஒரு கம்பெனிக்கும் கொடுப்பதில்லை. போன வருஷம் ஆறு வண்டி கேட்டு வந்த நல்ல ஆர்டருக்கு "இப்ப முடியாது சார்" என்று சொல்லிவிட்டு, ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தேன்.

இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. 2024 ஆகஸ்டில் இங்கே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் சிப்காட் விடுதி திறந்தது. விடுதிக்கும் கம்பெனிக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர் தடம் எதற்கு? நீளமான தடங்கள் குறையும், குட்டைத் தடங்கள் கூடும். இரண்டு மினி பஸ்ஸுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஒரே பரபரப்பு!

மணி ஆறு இருபது. முதல் வண்டி திரும்பி வந்துவிட்டது. டிரைவர் அண்ணன் டீயைக் கையில் வாங்குவதற்கு முன், அட்டையைக் கழற்றித் திருப்புகிறார். இரண்டு பக்கத்தையும் வாய்விட்டுப் படித்துவிட்டு மாட்டுகிறார்.